வளவில் கிடக்கும் பழைய பாய்வள்ளத்தைத் திருத்தி மறுபடி கடலில் ஓட்ட முடியுமா?

முல்லைத்தீவுப் பக்கத்தில் அப்பப்பாவின் பாய்வள்ளம் ஒன்று வீட்டு வளவுக்குள் பல ஆண்டுகளாகக் கவிழ்ந்து கிடக்கிறது என்றும், அதைக் கையாலேயே திருத்த ஆசைப்படுவதாகவும், ஊரில் சிலர் "மேலே பைபர் பூசி எஞ்சினைப் பூட்டினால் வேலை முடிந்தது" என்று சொல்வதாகவும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எஞ்சின் இல்லாமல் பாயை நம்பிக் கடலுக்குப் போவதில் அப்படி என்ன சுகம் என்றும் கேட்டிருக்கிறார். மேற்கு வன்னிக் கரையில், நாச்சிக்குடாவுக்கு அண்மையில், பெரியப்பா விட்டுச்சென்ற இருபது அடி வள்ளத்தை ஓர் ஓடாவியாரின் (மர வள்ளம் கட்டும் தச்சரின்) துணையோடு திருத்தி இன்றும் ஓட்டி வருபவன் என்ற உரிமையில் இதற்குப் பதில் எழுதுகிறேன். ஏரா, அதாவது வள்ளத்தின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்பு மரம், நன்றாக இருந்தால் உங்கள் வள்ளத்தைத் திருத்தலாம். பைபர் மட்டும் பூச வேண்டாம்.

ஊரார் சொல்வதில் மிகவும் கவர்ச்சியானதும் மிகவும் கெடுதலானதும் அந்தப் பைபர் ஆலோசனைதான் என்பதால் அதை முதலில் பேசிவிடுகிறேன். பலகையால் கட்டிய வள்ளம் அசைந்துகொண்டே இருக்கும் பொருள். ஈரம் ஏறினால் பலகை பருக்கும், வெயில் பட்டால் ஒடுங்கும், அலை தூக்கும்போது ஒவ்வொரு பலகையும் அடுத்த பலகையோடு சற்றே உரசி விலகும். பைபரோடு சேர்த்துப் பூசும் ரெசின் பசை இறுகிய பிறகு அப்படி அசையாது. போதாக்குறைக்கு, தலைமுறைக் கணக்கில் எண்ணெய் ஊறிய மரத்தில் அது சரியாகப் பிடிப்பதும் இல்லை. ஆகவே ஓரங்களில் முதலில் வெடிப்பு வரும், வெடிப்பால் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் மரத்துக்கும் பூச்சுக்கும் இடையில் தங்கும், பிறகு வெளியே பளபளப்பாகவும் உள்ளே உளுத்தும் போன ஒரு படகை நீங்கள் பராமரித்துக்கொண்டிருப்பீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கரைகளுக்கு உதவியாக வந்த படகுகளில் பெரும்பாலானவை பைபர் படகுகள். அவை தொழிலுக்கு ஏற்றவை, இலகுவானவை, அவற்றை நான் குறை சொல்லவில்லை. பைபர் படகு தேவையென்றால் பைபர் படகாகவே வாங்குவதுதான் சரி.

இனி உங்கள் வள்ளத்துக்கு வருவோம். அது கவிழ்ந்து கிடப்பது நல்ல செய்தி. மர வள்ளத்தை அழிப்பது கடல்நீரை விட மழைநீர்தான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்: உப்பு மரத்தை உளுக்கவிடாமல் காக்கும், நன்னீர் தேங்கிய இடத்தில்தான் பூஞ்சணம் பிடித்து மரம் சோறாகிப்போகும். நிமிர்ந்து கிடக்கும் வள்ளத்துக்குள் இரண்டு மாரி மழை தேங்கி நின்றால், இருபது வருடம் கடலில் கிடந்ததற்கு மேலான சேதம் வந்துவிடும். ஆனால் கவிழ்த்த வள்ளத்தின் மேல்விளிம்பு மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கும் அல்லவா, அங்கே கறையான் ஏறியிருக்கும். வன்னி மண்ணில் கறையானைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே முதல் வேலையாக நாலு பேரைக் கூட்டி வள்ளத்தைத் தூக்கிக் கட்டைகளின் மேல் வையுங்கள். விளிம்பு முழுவதும் போயிருந்தாலும் கவலைப்பட வேண்டாம், அது மாற்றக்கூடிய பகுதி.

ஏராவும், ஏரா அணியத்தோடும் (முன்பக்கம்) கடையாலோடும் (பின்பக்கம்) பொருந்தும் இரண்டு மூட்டுகளும்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியவை. எங்கள் வள்ளத்தைப் பார்க்க வந்த ஓடாவியார் பூச்சையெல்லாம் சுரண்டிக்கொண்டிருந்த என்னை நிறுத்தி, "தம்பி, கண்ணாலை பாக்காதை, காதாலை கேள்" என்று சொல்லிவிட்டு ஒரு சிறிய சுத்தியலால் அணியத்திலிருந்து கடையால் வரை ஒரு சாண் இடைவெளி விட்டுத் தட்டிக்கொண்டு போனார். நல்ல மரம் கணீரென்று கேட்கும். உளுத்தது மந்தமாக, துணியில் சுற்றிய கட்டையைத் தட்டுவதுபோலக் கேட்கும். மந்தமாகக் கேட்ட இடங்களில் சுண்ணாம்பால் குறியிட்டுக் கூரான கத்திமுனையைக் குத்திப் பார்த்தோம். ஓரிடத்தில் மேற்பரப்பில் ஊசித்துளை அளவுக்கு இரண்டு மூன்று புள்ளிகள் மட்டுமே தெரிந்தன. உளியால் கிளப்பியபோது உள்ளே சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சுரங்கம், அதன் சுவரெங்கும் முட்டையோட்டைப் போன்ற வெள்ளைப் பூச்சு. மரத்தைத் துளைக்கும் கடற்புழுவின் வேலை அது. குஞ்சாக இருக்கும்போது நுழைந்த துளை அப்படியே சிறுத்திருக்க, உள்ளே போன புழு மரத்தைத் தின்று பருத்துக்கொண்டே நாரோட்டத்தின் வழியே போகும். கரையில் காய்ந்த வள்ளத்தில் அது உயிரோடு இருக்காது, சுரங்கம் மட்டும் மிஞ்சும். ஏராவில் அப்படிப்பட்ட சுரங்கம் ஒன்றிரண்டு அடிக்கு மேல் நீண்டிருந்தால், நேர்மையாகச் சொல்கிறேன், ஏராவை மாற்றும் வேலை ஏறக்குறைய புது வள்ளம் கட்டும் வேலைக்குச் சமம். பலகையில் இருந்தால் அந்தத் துண்டை வெட்டிப் புதுப் பலகை வைக்கலாம்.

மரத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த கேள்வி. பலகைக்கு வேம்பு நன்றாக உதவும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அந்தக் கப்பலின் மரமும் பெரும்பாலும் நம் ஊர் வேம்புதான். வள்ளத்தின் விலா எலும்பு போன்ற வங்குக்கால்களுக்குப் பூவரசு. நேரான மரத்தை அறுத்து வளைவாக்கினால் நாரோட்டம் குறுக்கே அறுபட்டு, முதல் பெரிய அலையில் முறியும். இயற்கையாகவே வளைந்து வளர்ந்த கிளையைத் தேடி எடுத்தால் நார் வளைவோடு சேர்ந்தே ஓடும். வேலியோரத்துப் பூவரசுகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சைக்கிளில் ஊர் ஊராகத் திரிந்தது அந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மட்டைத் தாளில் வெட்டிய வங்கின் அச்சைக் கிளையோடு பிடித்துப் பார்க்கும் ஒருவனைச் சனங்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

வன்னி மரத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. 2009 வரையான போர்க்காலத்தில் நின்ற மரமென்றால் அதற்குள் எறிகணைச் சிதறலோ துப்பாக்கிச் சன்னமோ இருக்கலாம். பட்டை மூடி வளர்ந்திருப்பதால் வெளியே எதுவும் தெரியாது; வாள் பட்டால் வாளின் பல் பறக்கும், அறுப்பவருக்கும் ஆபத்து. எனவே மர ஆலையில் கொடுப்பதற்கு முன் தண்டைச் சுற்றிப் பார்த்து, பட்டையில் பழைய தழும்போ கறுத்த கறையோ இருந்தால் அந்தப் பக்கத்தைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மரம் தறிப்பதற்கும் ஏற்றிச் செல்வதற்கும் அனுமதி தேவையா என்பதைக் கிராம அலுவலரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. அறுத்த பலகையை நிழலில், இடையிடையே சட்டம் வைத்து அடுக்கிக் காயவிடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் முறுகிப்போகும்.

பழுதான துண்டை நேர்வெட்டாக வெட்டி அதே அளவுப் புதுத் துண்டைச் செருகினால் அந்த இணைப்பு ஒருநாளும் பிடிக்காது. பலகையின் கனம் ஓர் அங்குலமென்றால் குறைந்தது எட்டு அங்குல நீளத்துக்குச் சரிவாகச் சீவி, பழையதும் புதியதும் ஒன்றின்மேல் ஒன்று படியும்படி பொருத்த வேண்டும். வாச்சியால் முதலில் கொத்தி, சீவுளியால் இழைத்து, கரித்தூள் தடவி ஒட்டிப் பார்த்து, கரி படிந்த மேடுகளை மட்டும் மறுபடி சீவி, வெளிச்சம் தெரியாத அளவுக்குக் கொண்டுவருவதற்குள் ஒரு நாள் போய்விடும். மின்கருவி இருந்தால் விரைவாகும் என்பது உண்மைதான். ஆனால் கடைசி நூலளவு வேலைக்கு அதை நான் நம்புவதில்லை. ஆணியைப் பொறுத்தவரை ஒரே சட்டம்தான்: பழைய வள்ளத்தில் செப்பாணி இருந்தால் செப்பாணியே அடியுங்கள். செம்பும் இரும்பும் உப்புநீரில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் இரும்பு வெகு வேகமாக அரித்துப்போய், ஆணி இருந்த இடத்தில் கறுத்த ஓட்டை மட்டும் மிஞ்சும். செப்பாணி விலை கூடியதுதான், ஆனாலும் அதில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள்.

பலகை இடுக்குகளை அடைக்கும் கலப்பற்று வேலையில்தான் பொறுமை உண்மையிலேயே தேவை. பல வருடம் காய்ந்த வள்ளத்தின் பலகைகளுக்கிடையே தீப்பெட்டிக் குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். பார்த்தவுடன் அதில் பஞ்சுத்திரியை இறுக அடைத்துவிடத் தோன்றும். அப்படி அடைத்தால், நீரில் இறக்கியதும் பருக்கும் பலகைக்கு இடம் இல்லாமல் அது வங்கிலிருந்து ஆணியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே தள்ளும். ஆகவே முதலில் மரத்துக்கு ஈரம் காட்ட வேண்டும். உள்ளே ஈரச் சாக்கு பரப்பி, மேலே ஓலை மூடி, காலையும் மாலையும் உப்புநீர் தெளித்து வந்தால் இடைவெளி பாதியாகக் குறைவதைக் கண்ணாலேயே காணலாம். அதன்பின் பஞ்சுத்திரியை அளவாக முறுக்கி, மழுங்கிய உளியை வைத்து மரச்சுத்தியலால் தட்டிச் செருக வேண்டும். திரி சரியாக உட்கார்ந்ததும் தட்டும் ஒலி மாறும், அங்கே நிறுத்திவிட வேண்டும். குங்கிலியத்தைப் பொடித்து எண்ணெயில் காய்ச்சி அதன்மேல் வார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம். காய்ச்சும்போது சட்டியில் தீப்பிடிக்கும், ஆகவே ஓலைக் கொட்டிலுக்கு அருகில் அந்த வேலையைச் செய்யாதீர்கள். அடிப்பலகைக்குப் புன்னை எண்ணெயோ சுறா எண்ணெயோ பூசலாம். சுறா எண்ணெயின் மணத்தை வீட்டிலுள்ளோர் சகித்துக்கொள்வார்களா என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செய்தும் முதல் நாள் இறக்கினால் வள்ளம் ஒழுகத்தான் செய்யும். பயப்பட வேண்டாம். இடுப்பளவு நீரில் கட்டி, நீரை உள்ளே நிறையவிட்டு, இரண்டு மூன்று நாள் அப்படியே தாழ்ந்து கிடக்க விடுவதுதான் பழைய முறை. பலகை ஊறித் தானே இறுகிய பிறகு நீரை வாரிக் கொட்டிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் எங்காவது நீர் கசிந்தால் அதுதான் உண்மையான ஒழுக்கு.

பாய்க்கு முன்பெல்லாம் கித்தான் வாங்கித் தைத்தார்கள். இன்று சிறுகடலில் பாய்விரித்துப் போகும் பலரும் தறப்பாளையோ பொலித்தீனையோதான் கட்டுகிறார்கள். வன்னியில் எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு காலத்துத் தறப்பாள் மடித்து வைத்திருக்கும் என்பதால் அது இலவசம் என்ற வசதியும் உண்டு. தறப்பாளில் குறை என்னவென்றால், தட்டையான துணியை அப்படியே பருமலில் (பாயைத் தாங்கும் குறுக்குமரத்தில்) கட்டினால் அது காற்றைப் பிடிக்கும், ஆனால் வள்ளத்தை முன்னே இழுக்காது. பாய்க்கு வயிறு வேண்டும். பருமலில் கட்டும் விளிம்பை நேராக வெட்டாமல் நடுவில் சில அங்குலம் வெளியே வளைத்து வெட்டி, அந்த வளைந்த விளிம்பை நேரான பருமலில் இழுத்துக் கட்டினால் மிஞ்சும் துணி பாயின் நடுப்பகுதிக்குப் போய் வயிறாகிவிடும். துண்டுகளைச் சேர்க்கும் தையலை நுனிகளில் அகலமாகவும் நடுவில் ஒடுக்கமாகவும் போட்டாலும் அதே பலன் கிடைக்கும். இதைச் செய்தவுடன் வள்ளம் வேறு வள்ளமாகிவிடுகிறது.

இப்போது சுகம் பற்றி. எங்கள் பக்கத்துக் கடல் பாக்குநீரிணையை ஒட்டிய ஆழமற்ற கடல். கரையிலிருந்து வெகுதூரம் போனாலும் மரக்கோல் ஊன்றித் தாங்கும் இடங்கள் உண்டு. இரண்டு பேர் ஏறிய வள்ளத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி நீர் போதும். எஞ்சின் படகு சுற்றிப் போகும் மேட்டின் மேலாக, சுக்கானைத் தூக்கி வைத்துவிட்டு, கீழே கடற்புல் ஒரே திசையில் சாய்ந்து கிடப்பதையும் நண்டு பக்கவாட்டில் ஓடி மறைவதையும் பார்த்துக்கொண்டே போகலாம். எஞ்சின் ஓடும்போது இவை எதுவும் காணக் கிடைக்காது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடியாது. பக்கவாட்டில் காற்று வரும்போதுதான் பாய்வள்ளம் மிக நன்றாக ஓடும். ஒருவர் சுக்கானிலும் மற்றவர் பாயை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றைக் கையிலும் வைத்திருக்க, காற்று கூடும்போது கயிற்றைச் சற்று விட்டும் குறையும்போது இழுத்தும் வரும்போது, கையிலுள்ள கயிற்றின் இறுக்கத்திலேயே காற்றின் அளவு தெரிந்துவிடும். கயிற்றைத் தறியில் முடிந்துவிட்டு உட்கார்ந்திருக்க மட்டும் கூடாது. திடீரென்று வீசும் காற்றில் வள்ளம் கவிழ்வது பெரும்பாலும் அப்படித்தான். எதிர்க்காற்றில் நேரே போக முடியாது, இடமும் வலமுமாக வெட்டி வெட்டித்தான் போக வேண்டும். தட்டை அடி வள்ளம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகும் என்பதால், காற்று வாங்காத பக்கத்தில் ஒரு பலகையை நீருக்குள் செங்குத்தாக இறக்கிக் கட்டிவிடுவது நல்லது.

பங்குனி, சித்திரை மாதங்களில் எங்கள் கரையில் விடியற்காலையில் தரையிலிருந்தும் மதியத்துக்குப் பின் கடலிலிருந்தும் மென்மையான காற்று வரும். காலையில் தரைக்காற்றோடு போய்ப் பின்னேரம் கடற்காற்றோடு திரும்பினால் துடுப்பைத் தொடவே தேவையில்லை. வானம் தெளிந்த நாளில் இரணைதீவின் பக்கமாக ஓட்டிக்கொண்டு போவது எனக்கு மிகவும் பிடித்தமானது. 1992இல் இடம்பெயர்ந்த அந்தத் தீவின் மக்கள் 2018 சித்திரையில் தாங்களே படகுகளில் ஏறிப்போய் மண்ணில் இறங்கினார்கள். அவர்களின் மூத்தவர்களில் பாயோட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நீரோட்டத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டுக் கற்றது எனக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

செலவு பற்றி ஒரு வார்த்தை. 2022 ஓகஸ்ட்டில் படகு எஞ்சினுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது, அதற்கு முன்பு பல வாரங்கள் காசு கொடுத்தாலும் கிடைக்கவில்லை. பொருளாதாரத் தடை இருந்த 1990களைக் கண்ட நம் ஆட்களுக்கு அது புதிதல்ல. அதற்காகப் பாயை மட்டும் நம்பித் தொழில் செய்யலாம் என்று சொல்ல மாட்டேன். சந்தைக்கு நேரத்துக்கு மீன் சேர வேண்டியவருக்கு எஞ்சின் வேண்டும். நீங்கள் கேட்டிருப்பது தொழிலுக்காக அல்ல என்பதால் எஞ்சின் பூட்டுவதற்காகக் கடையாலை வெட்டிப் பலகை அடிக்க வேண்டாம் என்கிறேன். பாய்க்காகக் கட்டிய கடையால் எஞ்சினின் அதிர்வைத் தாங்காது, நீங்கள் அடைத்த கலப்பற்று முழுவதும் முதலில் அங்கேதான் கழரும். வள்ளத்தைக் கடற்றொழில் பரிசோதகரிடம் காட்டிப் பதிவைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். இலக்கம் இல்லாத படகோடு கடற்படையினருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பதில் ஒரு காலை வீணாகும். மிதப்பு அங்கி இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள், நீந்தத் தெரிந்தவரையும்தான்.

கடைசியாக, உங்கள் பக்கத்துக் காற்று எங்கள் பக்கத்துக்கு எதிர்மாறு. வாடையில் (வடகீழ்ப் பருவக்காற்றில்) எங்கள் கரையோரம் அடங்கியிருக்கும், முல்லைத்தீவில் அலை அடிக்கும். சோளகத்தில் (தென்மேற்குப் பருவக்காற்றில்) உங்கள் கரையோரம் அடங்கியிருக்கும், மேற்குக் கரை மீனவர்கள் அந்த மாதங்களில் நாயாற்றுக்கும் கொக்கிளாய்க்கும் வந்து வாடி (தற்காலிகக் கொட்டில்) போடுவது அதனால்தான். ஆனால் சோளகம் உங்களுக்குத் தரையிலிருந்து வீசும் காற்று. எஞ்சின் படகுக்கு அது வசதி, பாய் பழகாதவரை அது நேரே ஆழ்கடலுக்குக் கொண்டுபோய்விடும். ஆகவே முதல் ஓட்டங்களை நாயாற்றுக் களப்புக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள், மாரியில் முகத்துவாரம் வெட்டுப்பட்டு நீர் கடலுக்குப் பாயும் வாரங்களில் அங்கும் இறக்க வேண்டாம். அதற்கு முன் ஏராவைத் தட்டிப் பாருங்கள். எந்தெந்த இடத்தில் மந்தமாகக் கேட்டது என்று அணியத்திலிருந்து அடிக்கணக்கில் எழுதினால், துண்டு வைப்பதா பலகையை முழுதாக மாற்றுவதா என்று ஓடாவியாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.